கறிவேப்பிலையில் ஒரு ப்ராக்ஸி!

உங்க வீட்டில் கறிவேப்பிலைச் செடி இருக்கா? இருந்தால், இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு ஒரு நிமிஷம் போய்ப் பார்த்துட்டு வாங்க. இலை மேல் காய்ந்த குருவி எச்சம் மாதிரி ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் தொடவேண்டாம். குனிந்து, கொஞ்சம் உத்துப் பாருங்க. அந்த எச்சத்துக்குக் கால் இருக்கலாம்!

எனக்கு இது தெரிய வந்தது ஆறாவது செமஸ்டர் ஸ்டடி லீவில். ஸ்டடி லீவ் என்றால் பாடப் புத்தகத்தைத் தவிர உலகத்தில் உள்ள எல்லாவற்றின் மேலும் நமக்குத் திடீர்ப் பாசம் பொங்கும், உங்களுக்குத் தெரியாததா? அலமாரியை அடுக்குவோம், பழைய நோட்டில் யாரோ கிறுக்கியதைப் படித்துச் சிரிப்போம், சுவரில் பல்லி எத்தனை என்று எண்ணுவோம். நான் திருச்சிப் பொண்ணு. இ.சி.இ. மூன்றாம் வருஷம். அன்றைக்கு மடியில் டிஜிட்டல் கம்யூனிகேஷன் புத்தகம். சத்தியமாக ஒரு பக்கம் படித்திருந்தேன்.

"சாம்பார் கொதிக்குது, ஒரு கொத்து கறிவேப்பிலை பறிச்சுட்டு வாடி" என்று அம்மா அடுப்படியில் இருந்து குரல் கொடுத்தார்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறது எங்கள் கறிவேப்பிலை. செடி என்று சொல்கிறோமே தவிர, என்னைவிட உயரம். ஒரு கொத்தைக் கிள்ளினேன். இலை மேல் கறுப்பும் வெள்ளையுமாக எச்சம். சே என்று நகத்தால் தட்டிவிடப் போனேன். விரலுக்கு மெத்தென்று பட்டது. அடுத்த நொடி அந்த எச்சம் தலையைத் தூக்கி, பிடரியில் இருந்து சிவப்பாக ரெண்டு கொம்பை வெளியே நீட்டியது! கூடவே அழுகின ஆரஞ்சுத் தோல் மாதிரி ஒரு வாடை.

நான் போட்ட சத்தத்தில் அப்பாயி "பாம்பாடீ?" என்று துடைப்பத்தோடு ஓடி வந்தார். பார்த்ததும் அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "இதுக்கா கத்துன? வருஷா வருஷம் வர்ற சனியன்தான். வேப்பெண்ணெயில சோப்பைக் கரைச்சு அடிச்சா ஓடிப்போயிரும். நாளைக்கு அடிக்கிறேன்" என்றார்.

பரீட்சை முடியுற வரைக்கும் அடிக்கக் கூடாது என்று நான் கெஞ்சி வாங்கிய அவகாசம், புழுக்கள் மேல் உள்ள அன்பினால் இல்லை. படிக்காமல் இருக்க எனக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்தது, அவ்வளவுதான். பின்னால் என் கையாலேயே அதுகளுக்கு என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அது என்ன என்று பார்ப்போம். நம்ம ஊர்க் கறிவேப்பிலையில் மேய்கிற இந்த எச்சப் புழு பெரும்பாலும் ரெண்டு வண்ணத்துப்பூச்சிகளில் ஒன்றின் பிள்ளை. ஒன்று காமன் மார்மன், தமிழில் கறிவேப்பிலை அழகி என்கிறார்கள். இன்னொன்று லைம், எலுமிச்சை அழகி. சின்ன வயசில் ரெண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். என்னை மாதிரி கத்துக்குட்டிக்கு வித்தியாசமே தெரியாது. நீட்டிய கொம்புக்கு ஆஸ்மெட்டீரியம் என்று பேர். அந்த வாடை எறும்பு மாதிரி சின்ன எதிரிகளை விரட்டத்தான் உதவும். குருவிகளிடம் அவ்வளவாகப் பலிக்காது. குருவிக்குப் புழு வைத்திருக்கும் பதில், மேலே பூசியிருக்கும் அந்தக் கறுப்பு வெள்ளைதான்.

ஒளிந்துகொள்வது வேறு, வேஷம் போடுவது வேறு. பச்சை வெட்டுக்கிளி புல்லில் ஒளிந்துகொள்கிறது, குருவிக்கு அது கண்ணிலேயே படாது. இந்தப் புழு அப்படி இல்லை. பச்சை இலை நடுவில் பளிச்சென்றுதான் உட்கார்ந்திருக்கிறது. குருவியும் பார்க்கிறது. பார்த்துவிட்டு, 'ஓ, எவனோ போட்ட எச்சம்' என்று போய்விடுகிறது. எங்க டிபார்ட்மென்ட் பாஷையில் சொன்னால், சிக்னல் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது. ரிசீவர்தான் அதைத் தப்பாக டீகோட் பண்ணுகிறது!

இதெல்லாம் நாமாகக் கட்டிவிடுகிற கதையோ என்று உங்களுக்குத் தோன்றினால் நியாயம்தான். எனக்கும் தோன்றியது. ஜப்பானில் தோஷிதாகா சுஸுகி என்ற ஆராய்ச்சியாளர் இதைச் சோதித்து 2015-ல் வெளியிட்டிருக்கிறார். அங்கே ஒரு அந்துப்பூச்சியின் புழு எச்சம் மாதிரி இருப்பதோடு நிற்காமல், உடம்பை வளைத்துச் சுருட்டிக்கொண்டும் உட்காரும். மாவைப் பிசைந்து பொம்மைப் புழுக்கள் செய்து, சிலதை நேராகவும் சிலதை வளைத்தும் மரக்கிளையில் வைத்துப் பார்த்தார்கள். எச்ச நிறம் பூசியவற்றில், வளைந்து கிடந்தவற்றைப் பறவைகள் குறைவாகக் கொத்தியிருந்தன. பச்சை நிறம் பூசியவற்றில் வளைத்தாலும் நேராக வைத்தாலும் பலன் ஒன்றுதான். அதாவது வேஷத்துக்கு ஏற்ற நடையும் வேண்டும். போலீஸ் வேஷம் போட்டுவிட்டு ரோட்டோரம் கூனிக் குறுகி நின்றால் யார் நம்புவார்கள்?

சரி, புழு வளர்ந்துவிட்டால்? அங்கேதான் எனக்கு மலைப்பாக இருந்தது. ஒன்றரை இஞ்ச் நீளத்துக்கு எச்சம் போடுகிற குருவி நம்ம ஊரில் கிடையாது. அதனால் நாலு முறை தோல் உரித்தபிறகு புழு ஒரேயடியாக வேஷத்தை மாற்றிவிடுகிறது. எச்சம் போய், இலைப் பச்சை. தோள் பக்கத்தில் கண் மாதிரி அடையாளம். இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு ஆசிய வண்ணத்துப்பூச்சியில் இந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்று ஃபுதாஹாஷி, ஃபுஜிவாரா என்ற இரண்டு ஜப்பானியர்கள் 2008-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். உடம்பில் ஜுவனைல் ஹார்மோன் என்ற ஒன்று இருக்கிற வரைக்கும் எச்ச வேஷம். அது குறைந்தால் அடுத்த தோல் பச்சை. அந்த ஹார்மோனை வெளியில் இருந்து தடவினால், புழு பெரிதானபிறகும் எச்ச வேஷத்திலேயே நின்றுவிடுகிறது. சாஃப்ட்வேர் அப்டேட்டை நிறுத்தி வைத்த போன் மாதிரி.

இந்த இடத்தில் கொஞ்சம் காட்டுப் பக்கம் போய்விட்டு வரலாம். ஏனென்றால், உடம்பில் இருக்கும் கோடும் புள்ளியும் யாருடைய கண்ணுக்காக என்ற கேள்விதான் முக்கியம். நம்ம கண்ணுக்காக இல்லவே இல்லை. புலியையே எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைக் காட்டுக்குள் இவ்வளவு ஆரஞ்சாக ஒரு மிருகம் எப்படி ஒளிய முடியும் என்று யோசித்திருக்கிறீர்களா? நம்மிடம் நிறம் பிரித்துப் பார்க்க மூன்று வகை செல்கள் உண்டு. மானுக்கு ரெண்டுதான். சிவப்பையும் பச்சையையும் அதனால் பிரித்துப் பார்க்க முடியாது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2019-ல் கம்ப்யூட்டர் கணக்கில் போட்டுக் காட்டியதும் இதுதான்: மானின் கண்ணுக்குப் புலியின் ஆரஞ்சும் காட்டின் பச்சையும் ஏறக்குறைய ஒன்று. பாலூட்டிகளின் ரோமத்துக்குப் பச்சைச் சாயம் தயாரிக்கத் தெரியாது. தெரிந்த சாயத்தை வைத்துப் புலி சமாளிக்கிறது. அந்தப் பக்கம் புள்ளிமான் மட்டும் சும்மாவா? மரநிழலில் சிதறி விழும் வெயில் பொட்டு மாதிரி முதுகு முழுக்கப் புள்ளி.

வரிக்குதிரைக் கதை இன்னும் கூத்து. சிங்கத்தைக் குழப்பத்தான் வரி என்று நாம் எல்லோரும் ஸ்கூலில் கேட்டிருப்போம். டிம் கேரோ என்பவரும் கூட்டாளிகளும் வருஷக்கணக்கில் ஆராய்ந்து வந்து சேர்ந்த இடம், கடிக்கிற ஈ! வரி இருக்கும் உடம்பில் ஈக்களால் சரியாக இறங்க முடியவில்லை. ஜப்பானில் கறுப்பு மாடுகளுக்கு வெள்ளை வரி அடித்து 2019-ல் சோதித்தபோது, ஈ வந்து மொய்ப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. யாருக்கு எழுதிய லெட்டர் என்று தெரியாமல் நாம்தான் இத்தனை நாளாகச் சிங்கத்தின் விலாசத்தைப் போட்டுக்கொண்டிருந்தோம்.

இவ்வளவும் படித்த மேதாவி நான். இனி நான் செய்ததைக் கேளுங்கள்.

மூன்றாம் நாள் காலை அப்பாயி வேப்பெண்ணெய்ப் பாட்டிலை எடுத்து வெளியே வைத்துவிட்டார். "பரீட்சைதான் இன்னும் முடியலையே அப்பாயி!" என்றால், "ஒனக்கு ரெண்டு வாரம் பரீட்சை. அதுக்குள்ள செடி மொட்டையாயிரும், அப்பறம் ரசத்துக்கு என்னத்த போடுறது?" என்கிறார். வாதத்தில் பாயின்ட் இருந்தது. எனவே இன்ஜினீயர் மூளை வேலை செய்தது. மொட்டை மாடியில் பழைய பெயின்ட் வாளி ஒன்றில் ஒரு கறிவேப்பிலைக் கன்று இருந்தது. ரெண்டடி உயரம். ஏழெட்டு ஈர்க்குதான் இருக்கும். பெரிய செடியை ஒரு இலை விடாமல் தேடி, ஒன்பது புழுக்களை இலையோடு கிள்ளி எடுத்துப் போய் அந்தக் கன்றில் விட்டேன். எட்டு எச்சம், ஒரு பச்சை. பெருமை தாங்கவில்லை. ரெஸ்க்யூ ஆபரேஷன் சக்சஸ் என்று ஹாஸ்டல் குரூப்பில் மெசேஜ்கூடப் போட்டேன்.

மறுநாள் காலை மாடியில் உலாத்திக்கொண்டே ஃபார்முலா மனப்பாடம். கைப்பிடிச் சுவரில் ஒரு கொண்டைக்குருவி வந்து உட்கார்ந்தது. கறுப்புக் கொண்டை, வாலுக்கு அடியில் சிவப்பு. அழகு! சத்தம் போடாமல் போனை எடுத்து நாலைந்து போட்டோ எடுத்தேன். அது கன்றின் மேல் தாவி உட்கார்ந்தது, பறந்தது, மறுபடி வந்தது. பறவைகூட நம்மிடம் பழகுகிறது என்று எனக்கு ஒரே குஷி. நல்லதாக ஒன்றைப் பார்த்து ஸ்டேட்டஸும் வைத்தாயிற்று.

மத்தியானம் கன்றைப் பார்த்தேன். மூன்றுதான் இருந்தது.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குருவியின் மூக்கில் கறுப்பு வெள்ளையாக ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அதைத்தான் எல்லோரும் 'சூப்பர்டி' என்று பாராட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்டேட்டஸை அழித்தேன். சாயங்காலத்துக்குள் இன்னும் ரெண்டு போய்விட்டன. மிஞ்சியது, அடித்தண்டுக்குப் பக்கத்தில் இலைக்கு அடியில் இருந்த பச்சை ஒன்று மட்டும்.

அழுதேனா என்றால், ஆமாம், கொஞ்சம். புழுவுக்கு யாராவது அழுவார்களா என்று நீங்கள் சிரிக்கலாம். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் அப்பாயி கணக்கில் போயிருக்கும். இது என் கணக்கு. அப்பாயி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்தக் குருவி எதுத்த வீட்டுச் செம்பருத்தியில கூடு வச்சிருக்கு. அதுக்கும் குஞ்சு இருக்குல்ல? விடு, பாப்பா" என்றார். வேப்பெண்ணெய்ப் பாட்டிலைப் பற்றி அதன்பிறகு அவர் பேசவில்லை.

எங்கே தப்பு என்று எனக்குப் புரிந்தது ஹாஸ்டல் தோழி போனில் வேறு ஒரு புலம்பலை ஆரம்பித்தபோதுதான். எங்கள் வகுப்பில் நடந்த ஒரு விவகாரம். உங்கள் வகுப்பிலும் நடந்திருக்கும், நடிக்காதீங்க. ப்ராக்ஸி! போன செமஸ்டரில் அவள் லீவு போட்ட நாட்களில் நான் குரலை மாற்றி 'பிரசன்ட் சார்' சொல்வேன். ஒரு தடவைகூட மாட்டியதில்லை. காரணம் என் மிமிக்ரி திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் ஏதோ படம் ரிலீஸ். அறுபது பேர் வகுப்பில் முப்பத்தெட்டு பேர்தான் வந்திருந்தோம். அட்டெண்டன்ஸில் ஐம்பத்தேழு பேர் பிரசன்ட்! சார் பேனாவை மூடினார். தலையை எண்ணினார். அப்புறம் நடந்தது அவளுடைய இன்டர்னல் மார்க்கில் இருக்கிறது. அதற்குத்தான் அந்தப் புலம்பல்.

அன்றைக்கும் என் குரல் அதே குரல்தான், மிமிக்ரி கெட்டுப் போகவில்லை. எண்ணிக்கைதான் கெட்டுப் போனது. ஒன்றிரண்டு ப்ராக்ஸி இருக்கும் வரை எண்ணிப் பார்க்கும் சிரமத்தை எந்த சாரும் எடுப்பதில்லை. நூறு கொத்து உள்ள பெரிய செடியில் ஒன்பது எச்சம் சகஜம். ரெண்டடிக் கன்றில் ஒன்பது எச்சம் என்றால் குருவிக்கே சந்தேகம் வரும். தற்செயலாக ஒன்றைக் கொத்திப் பார்த்துவிட்டால் போதும், ரகசியம் உடைந்தது. அதற்குப் பிறகு எச்சம் மாதிரித் தெரியும் எல்லாமே அதற்குச் சாப்பாடு. நான் அந்தப் புழுக்களைக் காப்பாற்றவில்லை. படம் ரிலீஸான நாளில் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டேன்.

இந்த எண்ணிக்கைக் கணக்கு புழுக்களோடு முடியவில்லை. அதுகளின் அம்மாக்களிடமும் இருக்கிறது. ஹென்றி பேட்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர் 1848-லிருந்து பதினொரு வருஷம் அமேசான் காட்டில் பூச்சி பிடித்தார். கசக்கிற வண்ணத்துப்பூச்சி மாதிரியே வேஷம் போட்ட கசக்காத வண்ணத்துப்பூச்சிகளைக் கண்டுபிடித்து 1862-ல் எழுதினார். இன்றைக்கும் அந்த ஏமாற்று வேலைக்கு அவர் பேர்தான். ஆனால் அமேசான் வரைக்கும் போகவேண்டாம். பரீட்சைக்கு நடுவில் கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஶ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில் இருக்கும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் போனேன். எங்கள் ஊர்க்காரர்களே பாதிப் பேர் பார்த்திருக்க மாட்டார்கள்.

காமன் ரோஸ் என்று ஒரு வண்ணத்துப்பூச்சி. கறுப்பு இறக்கை, பின்னிறக்கையில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்புப் பொட்டு. மெதுவாக, ஊர்வலம் போகிற மாதிரி பறக்கும். யாருக்கும் பயப்படாது. காரணம் அது புழுவாக இருக்கும்போது தின்கிற செடி. ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி இந்த வகைச் செடிகள். பேரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது பாருங்கள், ஆடுகூடத் தின்னாது! அந்த விஷத்தை உடம்பில் சேர்த்து வைத்துக்கொண்டு, 'என்னைத் தின்னால் நீதான் அனுபவிப்பாய்' என்று சிவப்பில் போர்டு மாட்டிக்கொண்டு போகிறது.

குருவி அந்தப் போர்டை எப்படிப் படிக்கக் கற்றுக்கொள்கிறது? பட்டுத்தான். அமெரிக்காவில் லிங்கன் பிரௌவர் 1960-களில் செய்த சோதனை பிரபலம். எருக்கு மாதிரி பால் வடிகிற செடியைத் தின்று வளர்ந்த மோனார்க் வண்ணத்துப்பூச்சியை, அதுவரை அதைப் பார்த்திராத ஒரு நீலப் பறவைக்குக் கொடுத்தார். தின்றது, கொஞ்ச நேரத்தில் குடலைப் பிடுங்குகிற வாந்தி. அப்புறம் மோனார்க்கைக் காட்டினாலே அது கிட்டே வரவில்லை. ஆக, ஒவ்வொரு குருவிக்கும் பாடம் எடுக்க ஒரு வண்ணத்துப்பூச்சியாவது அடிபட வேண்டியிருக்கிறது.

இப்போது நம்ம கறிவேப்பிலை அழகிக்கு வாங்க. அதன் ஆண் கறுப்பு, பின்னிறக்கையில் வரிசையாக வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான். பெண்ணில் மூன்று ரகம். ஒன்று ஆண் மாதிரியே. இன்னொன்று அச்சு அசல் காமன் ரோஸ். மூன்றாவது, கிரிம்சன் ரோஸ் என்ற வேறொரு விஷக்காரியின் ஜெராக்ஸ். ஒரே அம்மா வயிற்றில் பிறந்த பெண்களே ஆளுக்கொரு வேஷத்தில் வரலாம். இத்தனைக்கும் பின்னால் இருப்பது டபுள்செக்ஸ் என்ற ஒரே ஒரு ஜீன் என்று 2014-ல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதை எழுதியவர்களில் முதல் பேர் நம்ம பெங்களூரு என்.சி.பி.எஸ். ஆராய்ச்சி நிலையத்தின் கிருஷ்ணமேக் குந்தே. பூச்சிகளில் ஆணா பெண்ணா என்று முடிவு பண்ணுவதே அந்த ஜீன்தான். அதே ஆளுக்கு டிரெஸ் டிசைனர் வேலையும் கொடுத்திருக்கிறது இயற்கை.

ஒரிஜினலையும் ஜெராக்ஸையும் நாம் எப்படிப் பிரிப்பது? இறக்கையைப் பார்க்காதீங்க, ஏமாந்துடுவீங்க. உடம்பைப் பாருங்க. ரோஸ்களுக்கு உடம்பு சிவப்பு. வேஷக்காரிக்குக் கறுப்பு. அவ்வளவு மெனக்கெட்டு இறக்கையை வரைந்துவிட்டு, உடம்புக்குப் பெயின்ட் அடிக்க மறந்த மாதிரி! பூங்காவில் ஒன்றைப் பார்த்துவிட்டு 'ரோஸ்' என்று கத்தினேன், உடம்பு கறுப்பு. நானே ஏமாந்தேன் என்றால் அவசரத்தில் பறக்கிற குருவி பாவம் என்ன செய்யும்? ஆனால் இந்த வேஷமும் எண்ணிக்கையில் அடங்கினால்தான் ஓடும். ஊரில் ஒரிஜினலைவிட ஜெராக்ஸ் அதிகமாகிவிட்டால், குருவிக்கு வாந்தி வராத நாட்கள்தான் அதிகம் இருக்கும். பிறகு சிவப்புப் போர்டை யார் மதிப்பார்கள்? பெண்கள் எல்லோரும் ஒரே வேஷம் போடாமல் மூன்றாகப் பிரிந்து நிற்பதற்கு இது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

இதை வைத்து நாம் ஏதாவது செய்ய முடியுமா என்பதுதானே இன்ஜினீயருக்கு அடுத்த கேள்வி? ஆப்பிரிக்காவில் செய்திருக்கிறார்கள். போட்ஸ்வானா நாட்டின் ஓகவாங்கோ பகுதியில் மாடு மேய்ப்பவர்களுக்குச் சிங்கம் பெரிய தலைவலி. மாட்டை அடித்தால் ஆத்திரத்தில் சிங்கத்தைக் கொல்வார்கள். சிங்கம் பதுங்கி வந்து பாயும் ஜாதி. 'பார்த்துட்டாங்க' என்று தெரிந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். வண்ணத்துப்பூச்சி இறக்கையில் கண் மாதிரி வட்டம் இருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே டெக்னிக்கில் மாட்டின் பின்பக்கத்தில் பெயின்டால் ரெண்டு பெரிய கண் வரைந்தார்கள். 14 மந்தைகள், நாலு வருஷம், மொத்தம் 2,061 மாடுகள். கண் வரைந்தவை 683. சும்மா பெருக்கல் குறி போட்டவை 543. எதுவும் வரையாதவை 835. 2020-ல் ரிசல்ட் வந்தது. வரையாததில் 15 மாடுகள் அடிபட்டன. பெருக்கல் குறியில் 4. கண் வரைந்ததில் ஒன்றுகூட இல்லை!

பெயின்ட் டப்பாவோடு கிளம்பிவிடாதீர்கள். அந்த ஆராய்ச்சியாளர்களே ஒரு எச்சரிக்கை சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு மந்தையிலும் கண் வரையாத மாடுகளும் கூடவே இருந்தன. சிங்கத்துக்கு வேறு சாய்ஸ் இருந்தது. எல்லா மாட்டுக்கும் கண் வரைந்துவிட்டால் இதே பலன் கிடைக்குமா, சிங்கம் பழகிப்போய் 'அட, பெயின்ட்தான்' என்று கண்டுபிடித்துவிடாதா என்பதற்கு அந்தச் சோதனையில் விடை இல்லை. படித்தபோது எனக்கு மாடியில் இருந்த பெயின்ட் வாளிதான் ஞாபகம் வந்தது.

மிஞ்சிய அந்த ஒரு பச்சைப் புழுவைத் திரும்பப் பெரிய செடிக்கே கொண்டுபோய் விட்டேன். பிரித்து எடுத்து வைக்கவில்லை, கூண்டு போடவில்லை. வாளியில் இருந்த ஈர்க்கோடு வெட்டி, நடுக்கொப்பில் சொருகிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். ரெண்டு நாளில் அது ஒரு காய்ந்த குச்சியில் ஏறி, இடுப்பில் நூல் பெல்ட் கட்டிக்கொண்டு கூட்டுப்புழு ஆனது. அதிலும் ஒரு வேஷம் பாருங்க. பச்சைத் தண்டில் கட்டினால் பெரும்பாலும் பச்சை, காய்ந்த குச்சி என்றால் பழுப்பு. இது பழுப்பு. பக்கத்தில் நின்று தேடினாலே ரெண்டு நிமிஷம் ஆகும். அப்பாயிக்கு நான் காட்டியபோது, "எங்கடி? குச்சிதான இருக்கு?" என்றார். பிறகு தினமும் காலையில் துணி துவைக்க வரும்போது ஒரு நோட்டம் விட ஆரம்பித்தார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டார்.

கடைசிப் பரீட்சை முடிந்து மூன்றாம் நாள். "ஏ பாப்பா, ஓடியா!" என்று அப்பாயி சத்தம். ஓடினேன். மனசுக்குள் ஒரே கேள்விதான். ஆணா, பெண்ணா? பெண் என்றால் மூன்றில் எந்த வேஷம்?

கூட்டின் மேல் ஈரமான இறக்கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கறுப்பில் மஞ்சள் கட்டம் கட்டமாக, பின்னால் ஒரு செங்கல் நிறப் பொட்டோடு. வால் இல்லை. ரோஸும் இல்லை, ஜெராக்ஸும் இல்லை. சாதாரண எலுமிச்சை அழகி! ஒரு மாசமாக நான் மார்மன் மார்மன் என்று அளந்ததெல்லாம் வேறு வீட்டுப் பிள்ளையைப் பற்றி. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அது பறந்து, எதிர்வீட்டுச் செம்பருத்தியைத் தாண்டிப் போனது. கொண்டைக்குருவி அப்போது அங்கே இல்லை.

இந்த இதழில் பயிற்சிக்குச் சேர்ந்ததும் 'கேம்பஸ் மேட்டரா ஏதாவது எழுதும்மா' என்று கேட்ட அண்ணனிடம் புழுவைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். ப்ராக்ஸியும் வருது என்றதும் சரி என்றார்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். சாம்பார் கொதிக்குது, கறிவேப்பிலை பறிச்சுட்டு வா என்று அம்மா சொன்னார். நான் கை வைக்கும் முன்பே, துவைக்கிற கல்லில் உட்கார்ந்தபடி அப்பாயி, "அந்தக் கொப்புல வேணாம், இந்தப் பக்கம் பறி" என்றார். குனிந்து பார்த்தேன். ஒரு கொழுந்து இலையில், கடுகு அளவுக்கு, மஞ்சளாக ஒரே ஒரு முட்டை.